வாயு விரிவில் பெரும வேலை: மேல்நிலைப் பாடநூல் தமிழின் சொல்லும் கணக்கும்

ஆய்வுச் சுருக்கம்

வாயு விரிவடையும்போது பெறத்தக்க பெரும வேலையைக் கணக்கிடுதல், வெப்ப இயக்கவியல் பாடத்தின் அடிப்படைப் பகுதிகளுள் ஒன்று. தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்பு வேதியியல், இயற்பியல் பாடநூல்கள் இதனைத் தமிழில் எவ்வாறு உணர்த்துகின்றன என்பதை இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. கலைச்சொற்கள் போதிய அளவு உள்ளன. குறை சொல்லில் இல்லை. 'பெரும' என்னும் அடை எவற்றோடு ஒப்பிட்டு எழுந்தது என்பதைக் கூறும் தொடர்கள் இல்லாமையே குறை என இக்கட்டுரை வாதிடுகிறது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியின் மலைக்காற்றும் நூற்பாலைகளும் மாற்று எடுத்துக்காட்டுகளாக முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அறிவியல் தமிழ், வெப்ப இயக்கவியல், மீள் செயல்முறை, பெரும வேலை, பாடநூல் மொழி, கலைச்சொல்.

முன்னுரை

அறிவியல் தமிழ் பற்றிய விவாதம் நெடுங்காலமாகச் சொல்லைச் சுற்றியே நடந்துவந்துள்ளது. சாமுவேல் பிஷ் கிறீன் 1875இல் வெளியிட்ட வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயரிட்டார். இராஜாஜி முதலியோர் 1916இல் சேலத்தில் தொடங்கிய சங்கம் அறிவியல் சொற்களையே தன் பணியாகக் கொண்டது. 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 'கலைச்சொற்கள்' தொகுதியை வெளியிட்டது. வடசொல்லா தமிழ்ச்சொல்லா, ஒலிபெயர்ப்பா மொழிபெயர்ப்பா என்னும் வினாக்கள் இம்முயற்சிகள் அனைத்திலும் தொடர்ந்தன. இவற்றின் பயனாக இன்று பள்ளி மாணவர் கையில் ஒரு நிறைவான சொற்றொகுதி உள்ளது. எனினும் சொல் கிடைத்தவுடன் கருத்தும் கிடைத்துவிட்டது என்னும் எண்ணம் அம்மரபின் நிழலாகவே உடன்வந்தது. 'திண்ணை இரசாயனம்' எழுதிய இராஜாஜிக்குச் சொற்பட்டியல் மட்டும் போதாது என்பது தெரிந்திருந்தது. அவருக்குப் பின்வந்த பட்டியல்களைப் பற்றி அவ்வாறு கூறுதல் அரிது.

'பெரும வேலை' இதற்குத் தக்க சோதனைக் களம். கணிதப் பாடநூலின் பெருமம், சிறுமம் என்னும் இணையோடு இச்சொல் பொருந்துகிறது. இலங்கைப் பாடநூல்களின் உயர்வு, இழிவு என்னும் இணையும் இதே தெளிவுடையது. ஆகவே சொல்லில் சிக்கல் இல்லை. ஆனால் 'பெரும' என்பது ஒப்பீட்டுச் சொல். எத்தனை வழிகளுள் இது பெரிது, எந்த நிபந்தனைகள் மாறாதிருக்க, எந்தக் காரணத்தால் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடையளிக்காத இடத்தில் அது வெறும் அடைமொழியாகச் சுருங்கிவிடுகிறது.

மீளலும் மீட்டலும்

பெரும வேலை 'மீள் செயல்முறை'யில் கிடைக்கிறது என்பது பாடம். இத்தொடரை இலக்கண நோக்கில் அணுகுதல் பயனுடையது. 'மீள் செயல்முறை' வினைத்தொகை. ஆதலின் மீண்ட செயல்முறை, மீள்கின்ற செயல்முறை, மீளும் செயல்முறை என மூன்று காலத்துக்கும் விரியும். கருத்தோ இம்முக்காலத்துள் எதற்கும் உரியதன்று. செயல்முறை மீண்டதா, மீளப்போகிறதா என்பது இங்கு வினாவே இல்லை. எப்புள்ளியிலும் திசையைத் திருப்பத்தக்க நிலையில் அது நிகழ்கிறதா என்பதே வினா. 'மீளும்' என்னும் விரி இயல்பைக் குறித்து ஓரளவு அருகில் வருகிறது. ஆனால் தொகைநிலையில் அந்த நுட்பம் மறைந்துவிடுகிறது.

இதனினும் பெரிய இடர் 'மீள்' தன்வினையாக இருப்பது. மீள்வது எது என்று கேட்டால், வாயு என்பதே மாணவரிடமிருந்து இயல்பாக வரும் விடை. விரிந்த வாயு பழைய பருமனுக்குத் திரும்பினால் அது மீள் செயல்முறை என்று அவர் கொள்வதில் வியப்பில்லை. எதிர்மறை வடிவம் இக்குழப்பத்தை வளர்க்கிறது. 'மீளாத் துயில்' என்னும் வழக்கில் பயின்ற காது, 'மீளாச் செயல்முறை' என்றதும் திரும்பிவரவே இயலாத ஒன்றைக் கருதும். உண்மையில் எந்த வாயுவையும் அமுக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும். கேள்வி, அதற்கு எவ்வளவு செலவாகும் என்பதே. வேதியியல் பாடநூல் தரும் வரையறையில் அமைப்பும் சூழலும் இரண்டுமே தொடக்கநிலைக்குத் திரும்ப வேண்டும் என்பது இடம்பெறுகிறது என்பதை நடுநிலையோடு குறிப்பிட வேண்டும். ஆனால் அவ்வரையறை ஓரிடத்திலும் வேலைக்கான வாய்பாடு வேறோரிடத்திலும் நிற்க, இரண்டையும் பிணைக்கும் பொறுப்பு 'மீள்' என்னும் ஒற்றைச் சொல்லின்மேல் விழுகிறது. அச்சொல் அச்சுமையைத் தாங்கவில்லை.

தமிழில் இதற்குரிய பிறவினை உண்டு: மீட்டல். அடகு வைத்த நகையை மீட்டல் என்னும் வழக்கில் நகை மட்டும் கருத்தில் இல்லை. பெற்ற தொகை, கட்டும் தொகை, வட்டி ஆகிய அனைத்தும் உள்ளன. நகை வீட்டுக்கு வந்தது என்பதனால் மட்டும் கணக்குத் தீர்ந்துவிடாது. வெப்ப இயக்கவியலின் மீள் செயல்முறை, வட்டியின்றி மீட்கப்படும் அடகு. 'மீட்கத்தக்க செயல்முறை' என்பது சற்று நீண்ட தொடரே. ஆயினும் தக்க என்னும் ஈறு இயலுமையையும், பிறவினை வடிவம் சூழலின் பங்கையும் ஒருங்கே வெளிப்படுத்துகின்றன. நிலைபெற்றுவிட்ட சொல்லை மாற்றுவது எளிதன்று, தேவையும் இல்லை. விளக்கத் தொடரிலாவது மீட்டல் இடம்பெற்றால் போதும்.

படிக்கட்டும் சாய்தளமும்

இந்த அடகுக் கணக்கை எண்களில் காணலாம். 300 கெல்வின் வெப்பநிலையில் நிலைநிறுத்தப்பட்ட ஒரு மோல் நல்லியல்பு வாயு, 10 பார் அழுத்தத்திலிருந்து 1 பார் அழுத்தத்துக்கு விரிவதாகக் கொள்வோம். வாயு மாறிலி 8.314, அதனை 300ஆல் பெருக்கினால் 2,494 ஜூல். இவ்விரிவை எண்ணற்ற வழிகளில் நிகழ்த்தலாம்.

வெற்றிடத்துக்குள் விரியவிட்டால் எதிர்க்கும் அழுத்தம் இல்லை, வேலை சுழி. 1 பார் புற அழுத்தத்தை எதிர்த்து ஒரே வீச்சில் விரியவிட்டால் 2,245 ஜூல் கிடைக்கும். அழுத்தத்தைச் சம விகிதத்தில் இரு படிகளாகக் குறைத்தால், அதாவது முதலில் சுமார் 3.16 பார், பின்னர் 1 பார் என்று வைத்தால், 3,411 ஜூல். பத்துப் படிகளில் 5,130 ஜூல். நூறு படிகளில் 5,677 ஜூல். படிகளின் எண்ணிக்கையை எவ்வளவு பெருக்கினாலும் 5,743 ஜூலைத் தாண்ட முடியாது. வாயு மாறிலி, வெப்பநிலை, அழுத்த விகிதத்தின் இயல்மடக்கை ஆகிய மூன்றின் பெருக்கற்பலன் அந்த 5,743. பாடநூல் வாய்பாடு இந்த இறுதி எண்ணை மட்டும் தருகிறது. அதற்குக் கீழே நிற்கும் படிக்கட்டு மாணவருக்குக் காட்டப்படுவதில்லை. ஒப்பிடுவதற்கு வேறெதுவும் இல்லாதபோது பெருமம் என்னும் சொல்லுக்கு என்ன பொருள்?

திரும்பும் வழி இன்னும் தெளிவாகப் பேசுகிறது. ஒரே வீச்சில் விரிந்த வாயுவை 10 பார் புற அழுத்தத்தால் ஒரே வீச்சில் அமுக்கி மீட்க வேண்டுமாயின் 22,448 ஜூல் செலவாகும். பெற்றது 2,245, கட்டியது 22,448. வாயு தன் பழைய இடத்துக்கு எந்தக் குறையுமின்றி வந்துவிட்டது. ஆனால் 20,203 ஜூல் வேலை சூழலுக்கு வெப்பமாகப் போய்விட்டது. இதுவே வட்டி. நூறு படிகளில் சென்று நூறு படிகளில் திரும்பினால் செலவு 5,810 ஜூல்; வட்டி சுமார் 130 ஜூலாகக் குறைகிறது. படிகள் எல்லையின்றிப் பெருகும்போது அது சுழியை நெருங்குகிறது. விரிவில் பெருமமும் அமுக்கத்தில் சிறுமமும் ஒரே எண்ணில் வந்து சந்திக்கும் அவ்விடமே மீள் செயல்முறை. பெருமத்தை மட்டும் கூறிச் சிறுமத்தைக் கூறாத பாடம், ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்ட கணக்கேடு.

இந்த உச்சத்தை வேறெந்தச் சூழ்ச்சியாலும் ஏன் தாண்ட இயலாது? சாடி கார்னோ 1824இல் வெப்ப இயந்திரங்களைக் குறித்துக் கையாண்ட தருக்கமுறையை ஒட்டி இதற்கு விடை சொல்லலாம். யாரோ ஒருவர் அதே வெப்பநிலையில் 6,000 ஜூல் பெறும் வழியைக் கண்டதாகக் கொள்வோம். அதில் 5,743 ஜூலைச் செலவிட்டு வாயுவை மீள்முறையில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். எஞ்சிய 257 ஜூல், ஒரே வெப்பநிலையிலுள்ள சூழலிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி முழுதும் வேலையாக்கியதற்குச் சமம். சுற்றைத் திரும்பத் திரும்ப இயக்கினால் எரிபொருள் இன்றி ஆலை ஓடும். இரண்டாம் விதி இதனை மறுக்கிறது. பாடநூலில் அவ்விதி அதே அலகில்தான் உள்ளது. வேலைக்கான வாய்பாட்டுக்குச் சில பக்கங்கள் தள்ளி நிற்கிறது. இந்த ஒரு பத்தி அவ்விரண்டையும் இணைத்திருக்கும்.

ஒரு பயிற்சிக் கணக்கு

பதினோராம் வகுப்பு வேதியியலில் பழகிய பயிற்சிக் கணக்கு ஒன்று, 2 மோல் நல்லியல்பு வாயு 25 செல்சியசில் 500 மில்லிலிட்டரிலிருந்து 2 லிட்டருக்கு மீள்முறையில் வெப்பநிலை மாறாமல் விரிவதைக் கூறி, உடன் இயல்பு அழுத்தம் என்னும் குறிப்பையும் சேர்த்து, வேலையைக் கேட்கிறது. வாய்பாட்டில் இட்டால் ஏறத்தாழ 6,870 ஜூல் வருகிறது, மதிப்பெண்ணும் கிடைக்கிறது. ஆனால் 2 மோல் வாயு 298 கெல்வினில் அரை லிட்டரில் அடைபட்டிருந்தால் அதன் அழுத்தம் சுமார் 99 பார். விரிந்து முடிந்த பின்னும் ஏறத்தாழ 25 பார். இயல்பு அழுத்தம் இக்கணக்கின் எந்தக் கணத்திலும் வாயுவுக்கு உரியதன்று. அது புற அழுத்தத்தைக் குறிக்கிறது எனக் கொண்டால், விரிவு மீள்முறையாக இருக்க இயலாது. வேலையும் 152 ஜூலாகச் சுருங்கிவிடும்.

6,870க்கும் 152க்கும் இடையிலுள்ள வேறுபாடு நாற்பத்தைந்து மடங்கு. கணக்கில் தேவையற்றதாக ஒட்டியிருக்கும் ஒரு குறிப்பு அவ்வளவு பெரிய வேறுபாட்டை மறைத்து நிற்பதை மாணவர் உணர்வதில்லை. உணரத் தேவையில்லாத வகையிலேயே கணக்கு அமைந்துள்ளது. பருமன்களை வாய்பாட்டில் இடுவதோடு சிந்தனை முடிந்துவிடுகிறது. இதனை அச்சுப்பிழை போன்ற சிறு குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. மீள்முறை என்பது புற அழுத்தம் அக அழுத்தத்தை நூலிழை இடைவெளியில் தொடர்ந்துசெல்லும் நிலை என்பது ஆசிரியர் மனத்தில் உயிர்ப்புடன் இருந்திருந்தால், அக்குறிப்பு கணக்கில் இடம்பெற்றிராது.

இரு வகுப்பறைகள், இரு மொழிகள்

ஒரே மாணவர் ஒரே ஆண்டில் இப்பொருளை இருமுறை படிக்கிறார். வேதியியலில் அமைப்பின்மீது செய்யப்படும் வேலை நேர்க்குறி பெறுகிறது. விரிவில் வேலை எதிர்க்குறியுடன் வருகிறது. இயற்பியலில் அமைப்பு செய்யும் வேலை நேர்க்குறி பெறுகிறது. இரண்டும் உலகளவில் ஏற்கப்பட்ட மரபுகளே. ஆயினும் வேதியியல் மரபில் பெரும வேலை என்பது எண் மதிப்பில் மிகவும் எதிர்மமானது. அதாவது கணிதப் பொருளில் சிறுமம். 'பெரும' என்பது அளவைக் குறிக்கிறது, குறியை அன்று என்னும் ஒரு வரி இல்லாததால், நன்கு கணிதம் கற்ற மாணவரே இங்கு முதலில் தடுமாறுவார்.

சொற்களும் பிரிகின்றன. வேதியியலில் கனஅளவு, இயற்பியலில் பருமன். அங்கே செயல்முறை, இங்கே நிகழ்வு. இவை தீங்கற்ற வேறுபாடுகள். 'வெப்பம் மாறா' என்னும் வேதியியல் வழக்கை அவ்வாறு விட்டுவிட முடியாது. வெப்பம் என்பது அமைப்பில் தங்கியிருந்து மாறவோ மாறாதிருக்கவோ செய்யும் பண்பன்று. எல்லையைக் கடந்து செல்வது. பேச்சு வழக்கில் வெப்பம், வெப்பநிலை ஆகிய இரண்டும் ஒன்றே ஆதலின், 'வெப்பநிலை மாறா', 'வெப்பம் மாறா' என்னும் இரண்டும் ஏறத்தாழ ஒரே பொருளைத் தரும். கருத்திலோ அவை எதிரெதிர். இயற்பியல் நூலின் 'வெப்பப் பரிமாற்றமில்லா' என்னும் தொடர் இவ்வகையில் மிக மேலானது. இலங்கை வழக்கின் 'சேறலில்லா' என்பதும் செல்லுதல் இன்மையைச் சுட்டி மூலக் கருத்துக்கு நெருங்கி நிற்கிறது. ஒரே நிறுவனம் வெளியிடும் இரு நூல்களின் சொற்களை ஒருங்கே வைத்துப் பார்த்திருந்தால் இது தவிர்க்கப்பட்டிருக்கும்.

மலையேறி இறங்கிய காற்று

பாடநூலின் உந்துதண்டும் உருளையும் எந்த ஊரையும் சாராதவை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகில், சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்ட திருவண்ணாமலைக் குன்றிலிருந்து மேற்கே நோக்கினால் வேறொரு விரிவு நிகழ்வதைக் காணலாம். (அருணாசலத் தலமாகிய திருவண்ணாமலை வேறு.) தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்தில் மேலேறும்போது சூழ் அழுத்தம் குறைய, காற்று விரிகிறது, சூழலைத் தள்ளி வேலை செய்கிறது, அவ்வேலைக்கு வெளியிலிருந்து வெப்பம் கிடைக்காததால் தன் அக ஆற்றலைச் செலவிட்டுக் குளிர்கிறது. ஈரம் சுருங்காத வரை அது கிலோமீட்டருக்கு 9.8 செல்சியசு வீதம் குளிரும். ஒரு கிலோகிராம் காற்று 500 மீட்டர் உயர்ந்தால் 4.9 செல்சியசு குளிர்ந்து, சுமார் 3,500 ஜூல் வேலையைச் சூழலின்மீது செய்கிறது. ஒவ்வொரு மட்டத்திலும் அக அழுத்தமும் புற அழுத்தமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், இந்த வறண்ட ஏற்றம் மீள்முறைக்கு மிக அணுக்கமானது. அதே காற்று அப்படியே இறங்கினால் செய்த வேலை முழுதும் திரும்பும். பழைய வெப்பநிலையும் திரும்பும்.

ஆனால் இடையில் மழை பெய்துவிடுகிறது. காற்று 500 மீட்டரில் மேகமாகி, அதன் பின் கிலோமீட்டருக்கு 5 செல்சியசு வீதமே குளிர்ந்து, 1,500 மீட்டர் முகட்டைக் கடப்பதாகக் கொண்டால், மொத்தக் குளிர்ச்சி 9.9 செல்சியசு. நீரை அப்பக்கம் இழந்த காற்று இராஜபாளையம் பக்கம் வறண்டு இறங்குகையில் 14.7 செல்சியசு சூடேறும். அதே உயரத்துக்கு வந்த காற்று 4.8 செல்சியசு கூடுதல் வெப்பத்தோடும் குறைந்த ஈரத்தோடும் நிற்கிறது. இவ்வூர்கள் தென்மேற்குப் பருவத்தில் மழைமறைவில் கிடந்து வடகிழக்குப் பருவத்தை எதிர்நோக்குவதன் இயற்பியல் இதுவே. காற்று மீண்டது, செயல்முறை மீட்கப்படவில்லை. தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் கரும்பலகையில் எழுத முடியாது.

ஆலையின் அமுக்கக் காற்று

இராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். இராஜபாளையம் மில்ஸ் 1936இல் தொடங்கப்பட்டது. இன்றைய ஆலைகளில் அறுந்த நூலிழைகளை முடிச்சின்றி இணைக்கும் கருவி அமுக்கப்பட்ட காற்றினால் இயங்குகிறது. விரிவில் பெருமம் என்னும் பாடத்தின் மறுபக்கமாகிய அமுக்கத்தில் சிறுமம் அங்கே மின்கட்டணமாக அளக்கப்படுகிறது. 300 கெல்வினிலுள்ள ஒரு மோல் காற்றை 1 பாரிலிருந்து 7 பாருக்கு, உறிஞ்சுதலும் வெளியேற்றுதலும் உட்பட, வெப்பநிலை மாறாமல் மீள்முறையில் அமுக்கினால் 4,853 ஜூல் போதும். வெப்பப் பரிமாற்றமின்றி ஒரே கட்டத்தில் அமுக்கினால் 6,492 ஜூல் வேண்டும்; காற்றும் 250 செல்சியசு அளவுக்குச் சூடேறிவிடும். இரு கட்டங்களாகப் பிரித்து, இடையில் காற்றைக் குளிர்வித்து மீண்டும் 300 கெல்வினுக்குக் கொண்டுவந்தால் 5,595 ஜூல். ஒரே கட்டத்தைவிடச் சுமார் 14 விழுக்காடு குறைவு. இவை உராய்வும் கசிவும் இல்லாத நிலைக்குரிய எண்கள். உண்மைக் கருவி இவற்றுக்கு மேலேயே நிற்கும். எனினும் கட்டங்களைக் கூட்டினால் செலவு ஏன் குறைகிறது என்பதற்கான விடை, மேலே கண்ட படிக்கட்டுக் கணக்கின் உறவினதே: ஒவ்வொரு கட்டத்திலும் காற்று வெப்பநிலை மாறா வழிக்குச் சற்று அருகில் இழுக்கப்படுகிறது.

இரு கட்ட அமுக்கியின் நடுவில் குளிர்விப்பான் ஏன் பொருத்தப்பட்டுள்ளது என்னும் வினாவை எழுப்ப ஒரு பயிற்சிக் கணக்குப் போதும். 500 மில்லிலிட்டரையும் 2 லிட்டரையும் கொண்ட கணக்கு எடுத்துக்கொண்ட அதே நான்கு வரிகளில் அதனை எழுதிவிட முடியும்.